டச்சுக்காரன் கட்டாத மேடு

ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம், பழவேற்காட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் கோபம் என் மேல்தான்.

அப்போது சென்னையில் நிலவியல் முதுகலை கடைசி வருடம். ஏரியோரத்தை ட்ரோன் வைத்து அளந்த நில உயரத் தகவல் எங்கள் துறைக்குக் கிடைத்திருந்தது. வீடு, மரம் எல்லாவற்றையும் மென்பொருள் கழித்துவிட்டு வெறும் தரையைக் காட்டும். ஒரு சாண் ஏறி இறங்கினாலும் நிறம் மாறும். தாழ்வு நீலம், மேடு சிவப்பு. டச்சுக்காரர் கோட்டையையும் அகழியையும் அதில் பார்த்தபோது மெய்மறந்துபோனேன். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, மீனவர் குப்பத்துக்குள், விளிம்பெல்லாம் நேர்கோடாக ஒரு செவ்வக மேடு. இயற்கையில் ஏது இவ்வளவு நேர்கோடு? 'டச்சுக் கோட்டையின் புறக்கொத்தளம்' என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டேன். என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கருத்தரங்கில் வாசித்தார், தொல்லியல் துறை அலுவலகத்துக்கும் அனுப்பினார்.

என் வீடு மீஞ்சூர். ரயிலேறினால் பொன்னேரி, அங்கிருந்து ஒரு பஸ். ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

சில மாதம் கழித்து, ஜூனியர் மாணவர்களுக்கு அந்த மேட்டைக் காட்டப் பேராசிரியர் கூட்டிப்போனார். மேடு முழுக்க வீடுகள். கதவுக்குக் கதவு நோட்டீஸ். புராதனச் சின்னத்தின் மேல் இருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று எழுதி, கீழே என் வரைபடத்தையும் அச்சடித்திருந்தார்கள்.

வாசலில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எழுந்து வந்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். பேராசிரியர் பெருமையாக என்னைக் காட்டினார்.

"இன்னாமா, எங்க நைனா தலையில சொமந்த மண்ணு இது. டச்சுக்காரன் கட்டுனான்னு எழுதிகீறியே, இங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டியா?"

ஒரு வருடம் ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் தூர்ந்து, மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஏரி வீடுகளுக்குள் வந்து நின்றதாம். அப்புறம் ஊரே சேர்ந்து சேற்றையும் கிளிஞ்சலையும் சுமந்து கொட்டித் தரையை உயர்த்தியிருக்கிறது. வலைக்கயிறு பிடித்துக் கோடு போட்டார்களாம். அதனால்தான் அவ்வளவு நேர்.

பேராசிரியர் சிரித்தார். தகவல் பொய் சொல்லாது என்று அந்த அக்காவுக்கே வகுப்பெடுத்தார். அக்கா உள்ளே போனார். மண்வெட்டியை எடுத்துவந்து தன் சமையலறைச் சுவரோரம் தோண்டினார். இரண்டு முழ ஆழத்தில் சிமெண்ட் சாக்கு, நைலான் வலைத் துண்டு, அடியில் ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு.

"சொல்லுங்க சார், எந்த டச்சுக்காரன் புள்ள செருப்பு இது?"

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். பேராசிரியர் முகம் சுண்டிப்போனது. மேல்மண் கலைந்திருக்கும், கீழே கொத்தளம் இருக்கும் என்று சொல்லிப் பஸ்ஸைக் கிளப்பச் சொன்னார். அந்த மேல்மண்ணில்தான் அத்தனை குடும்பமும் சோறு பொங்குகிறது, மனுஷன் கண்ணில் அது படவே இல்லை. ஆய்வேட்டைத் திருத்தப்போகிறேன் என்றேன். பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி.

மறுநாள் தனியாகப் போனேன். அக்கா குழியை மூடாமல் வைத்திருந்தார். படமெடுத்து, அளந்து, 'நேரில் பார்க்காமல் எழுதினேன், தவறு என்னுடையது' என்று கையெழுத்திட்டு அந்தத் தொல்லியல் அலுவலகத்தில் கொடுத்தேன். கிளம்பும்போது அக்கா அந்தச் செருப்பை என் கையில் திணித்தார். "வெச்சிக்கமா, இல்லன்னா மறந்துடுவ" என்றார்.

என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நோட்டீஸைத் திரும்பப் பெற அந்த அலுவலகத்துக்கு அதைவிட நாளானது. நடுவில் வந்த மழைக்கு, ஒழுகுகிற கூரையை மாற்றக்கூட அங்கே யாரையும் விடவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். வருடா வருடம் முதல் வகுப்பில் அந்தச் சிவப்புச் செவ்வகத்தைத் திரையில் போட்டு, இது என்ன என்று கேட்பேன். கோட்டை என்பார்கள். செருப்பை எடுத்து மேஜைமேல் வைப்பேன். வீடுகளைக் கழித்தது மென்பொருள், ஆனால் அங்கே இருந்தவர்களைக் கழித்தது ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்க்காத நான்தான்.