பிரிஸ்மாட்டிக்கலி மின்னிய சேலைகள்

சேலை விற்கிறவருக்கு நிறம் தெரிந்தால் போதும். அதைப் பற்றி ஆன்லைனில் எழுதுகிறவளுக்குத்தான் இல்லாத நிறமும் தெரிந்திருக்க வேண்டும். சேலை நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளையில் ஒரு கடைக்கு நான் பார்ப்பது அந்த வேலை. என்னைப்போல எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

அர்த்தம் எதுக்கு?

ஏதோ நகை விளம்பரத்தில் 'பிரிஸ்மாட்டிக்கலி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எங்கள் முதலாளி மயங்கிவிட்டார். முப்பட்டகத்தில் புகுந்த வெளிச்சம் பல நிறமாகப் பிரிகிற மாதிரி என்று பொருள், வைரம் அப்படி மின்னும், சோப்பு நுரைகூட மின்னும், ஒற்றை நிறச் சேலை மின்னாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அர்த்தமெல்லாம் நமக்கு எதுக்கும்மா? எல்லாச் சேலைக்கும் போட்டுடு."

சந்தனக் கலர்

போட்டேன். சந்தனக் கலர் பருத்திச் சேலையும் பிரிஸ்மாட்டிக்கலி மின்னியது. அதை வாங்கிய மோகனூர் டீச்சர் போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நான் எட்டாவதுக்கு சயின்ஸ் எடுக்கறவ. ஏழு கலர்ல மிச்சம் ஆறு எங்கீங்க?"

அந்தச் சேலை திரும்பி வந்தது. பின்னாலேயே இன்னும் சில வந்தன. சொல்லைப் பிடித்தவர் முதலாளி, ஏச்சு எனக்கு. இந்தச் சம்பளம் நின்றால் என் வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். முதலாளி மூடவில்லை.

"இன்னொரு சேலை திரும்பி வந்துச்சுன்னா, நீயும் ஊட்டுக்குத் திரும்பிப் போயிரலாம்."

வாசல் வெயில்

மறுவாரமே வெண்ணந்தூரிலிருந்து ஓர் அம்மா பையும் கோபமுமாக வந்து இறங்கினார். மகள் நிச்சயத்துக்கு எங்களிடம் வாங்கிய பட்டு. "என்னமோ மின்னும்னு போட்டிருந்தீங்க. ஊட்டுல பிரிச்சா வெறும் நீலமா இருக்குதுங்க!" முதலாளி என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து சேலையை எடுத்தேன்.

சேலையைத் தொட்டதும்தான் உயிர் வந்தது. நீலப் பாவில் பச்சை ஊடை, அதாவது நீள நூல் நீலம், குறுக்கு நூல் பச்சை. இங்கே நெய்கிறவர்கள் யாரும் டியூப்லைட்டில் நிறம் பார்க்க மாட்டார்கள், வாசலுக்குத்தான் கொண்டுபோவார்கள். நானும் கொண்டுபோனேன். வெயிலில் மடிப்பைத் திருப்பத் திருப்ப நீலம் பச்சையானது, பச்சை நீலமானது. ஏழு இல்லை, இரண்டுதான். இருந்தாலும் நான் எழுதியதில் முதன்முறையாகக் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த அம்மா சேலையை வாங்கி மடித்து, தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"அட, மயில்கழுத்துக் கலருங்களா! அப்படியே எழுதியிருந்தா நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்க மாட்டனே சாமி."

கடைசியில் வேலை போனது என்னவோ பிரிஸ்மாட்டிக்கலிக்குத்தான். அதன் இடத்தில் இப்போது எல்லாச் சேலைக்கும் மயில்கழுத்து என்று போடச் சொல்கிறார் முதலாளி, சந்தனக் கலர் உட்பட.