நான் தோற்றேன் என்று நிறுவுக

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, திண்டுக்கல்லில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே டிசைன்தான். அதிலுள்ள குத்துவிளக்குப் படம் மட்டும் விசேஷத்துக்குத் தக்கபடி மேலே ஏறும், கீழே இறங்கும். ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் எந்த நல்லது நடந்தாலும், நடப்பதற்கு முன்பே அச்சடித்துவிடுகிற அவசரக்காரர்.

பதினொன்றாம் வகுப்பில் நான் ஒரு கணிதப் போட்டியின் முதல் சுற்றில் தேறினேன். இரண்டாம் சுற்று திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நடக்க இருந்தது. செய்தி மாமா காதுக்குப் போன மறுநாளே ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் நின்றது. ‘கணிதப் போட்டியில் முதலிடம் பெற்ற எங்கள் குலவிளக்கே! வருங்கால இன்ஜினியரே!’ என் படம் தபால் தலை அளவு. கூலிங் கிளாஸ் போட்ட மாமா படம் ஆள் உயரம்.

“நான் எப்ப மாமா இன்ஜினியர் ஆவேன்னு சொன்னேன்?” என்று கேட்டேன்.

“கலெக்டர்னுதான் போடலாம்னு பாத்தேன். அத போன வாரம் வேற ஒரு புள்ளைக்குப் போட்டுட்டேன்த்தா” என்றார்.

முதலிடத்தைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரண்டாம் சுற்றுக்கு வந்திருந்த பிள்ளைகள் இரண்டு வண்ணப் பேனா, ஸ்கேல், காம்பஸ் என்று ஆயுத பூஜைக்கு வந்தவர்கள் மாதிரி பரப்பிவைத்திருந்தார்கள். நான் ஒற்றைப் பேனாவோடு போயிருந்தேன். வினாத்தாளில் கை வைக்க முடிந்த ஒரு கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் என்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்தது. அந்த ஒன்று இதுதான்: ஒரு விருந்துக்கு வந்தவர்களில் சிலர் சிலரோடு கை குலுக்குகிறார்கள், சம எண்ணிக்கையில் கை குலுக்கியவர்கள் இருவராவது இருப்பார்கள் என்று நிறுவுக. எத்தனை பேர் வந்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. எண்ணே இல்லாத கணக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எல்லோருடைய எண்ணிக்கையும் வேறு வேறாக இருந்தால், ஒருவர் எல்லோரோடும் கை குலுக்கியிருக்க வேண்டும், இன்னொருவர் யாரோடுமே குலுக்கியிருக்கக் கூடாது என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. தாளை வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் டவுன் பஸ்ஸிலும் அந்த விருந்து என்னை விடவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் அதை நடத்திப் பார்த்தேன். எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்குகிறவர் பெரியப்பா. பந்தல் கால் கை நீட்டினாலும் விடமாட்டார். யார் முகத்திலும் விழிக்காமல் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவர் சித்தப்பா. பெரியப்பா எல்லோர் கையையும் பிடித்தார் என்றால் சித்தப்பா கையையும் பிடித்திருப்பாரே? அப்புறம் சித்தப்பா எப்படி யாரையும் தொடாதவர் ஆவார்? இரண்டு பேரும் ஒரே பந்தலில் இருக்கவே முடியாது! அவ்வளவுதான் கணக்கு. நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பினார்.

“என்னத்தா, ஸ்டாப்ப விட்டுட்டியா?”

விட்டுத்தான் இருந்தேன். வெயிலில் திரும்பி நடந்தபோது, வாழ்நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு சந்தோஷம். இப்போது கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். அதாவது, மாதா மாதம் உதவித்தொகை கொடுத்து என்னைத் திணற விடுகிறார்கள்.

போட்டி முடிவில் என் பெயர் இல்லை. அதை ஊருக்குள் சொன்னால் ஒரு ஆள் நம்ப வேண்டுமே! “பெரிய படிப்பாளிக எல்லாம் இப்படித்தான் அடக்கமாப் பேசுவாக” என்றார் டீக்கடைக்காரர். ஃப்ளெக்ஸில் இருப்பதை மறுக்க நான் யார்?

பிளஸ் டூ முடிந்ததும் இந்த வினை வீட்டுக்குள் வந்தது. பி.எஸ்சி. கணிதத்தில் சேர வேண்டும் என்றேன். கத்திரிக்காய்த் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கணக்குலதான் மொதல்ல வந்துட்டியே, இன்னும் அதுல என்னத்தப் படிக்கப் போற? அறுத்து முடிச்ச வயல்ல போயி யாராச்சும் அருவாளோட நிப்பாகளா? இன்ஜினியரிங்குக்கு எழுதிப் போடு.”

“அப்பா, நான் ஜெயிக்கல. தோத்துட்டேன்.”

“படிக்கணும்னா என்ன வேணாலும் சொல்லுவியா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஜெயித்ததை நிரூபிக்கச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். தோற்றதற்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கக் கூடாதா? கடைசியில் மாமாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அப்பா குரலைக் கேட்டதும் மாமா நெளிந்தது இங்கே வரை தெரிந்தது.

“இல்ல மச்சான், எப்படியும் மொதல்ல வந்துரும்னுதான்... ரெண்டு வாட்டி அடிக்கணுமேன்னு ஒரே வாட்டியா அடிச்சுட்டேன்.”

“அப்ப வரலையா?”

“வரல மச்சான்.”

அப்பா போனை வைத்துவிட்டுத் தலைத்துண்டை உதறினார். ஊரே பார்த்த ஃப்ளெக்ஸ், அவருக்கு வலித்திருக்கும். கை கால் கழுவக் கொல்லைக்குப் போய்விட்டார். இன்ஜினியரிங்தான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே, “எந்தக் காலேசு?” என்று கேட்டார்.

சேர்க்கைக்குப் போன அன்று, துறைத் தலைவியாக இருந்த அம்மையார் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, இன்ஜினியரிங்கே கிடைக்குமே, எதற்குக் கணிதம் என்று விசாரித்தார். நான் தயாரித்து வைத்திருந்த பதிலைத் தொடங்குவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“புள்ள கணக்குல தோத்துருச்சும்மா. செயிக்கிற வரைக்கும் படிக்கட்டும்.”