வேலியோரம் வீசிய மீன்காதுக் கல்

அன்றைக்கு முற்றத்தில் இருந்தது மண் ஆராய்ச்சி செய்யும் ஐயா, அவர் சம்சாரம், என் நாத்தனார், நான். அது யுத்த காலம். ஐயா அரியலூர்ப் பக்கத்து மண்ணை ரயிலில் ஒரு மூட்டை கொண்டுவந்து, பொம்மிடியில் தன் வூட்டில் அலசிக் காயவைத்திருந்தார். சுத்தம் செய்ய எங்களைக் கூப்பிட்டார். சாமைக்குச் செய்வது போலவே புடைத்து, கல்லையெல்லாம் பொறுக்கி வேலியோரம் வீசினேன்.

ஐயா முறத்தைப் பார்த்தார். "வெள்ளையா, தட்டையா இருக்குமே, எங்கம்மா?"

"கல்லுங்களா? ஒண்ணு விடாம வீசிட்டேனுங்க."

அவர் முகம் செத்துப்போனது. "அது மீனோட காதுக்குள்ள இருந்த கல்லும்மா. அந்த மீனே இப்ப உலகத்துல இல்ல. முள்ளுகூட மிஞ்சல. அந்தக் கல்லை வெச்சுத்தான் என்ன மீனுன்னு கண்டுபிடிக்கணும். வேற மண்ணும் எங்கிட்ட இல்ல."

"மீனுக்கே காது இருக்குது, எங்க அண்ணிக்குத்தான் இல்ல," என்றாள் நாத்தனார்.

முறத்தைக் கீழே வைத்தேன். "நான் போயிடறேனுங்க," என்றேன்.

"எதுக்கும்மா? எதை வெச்சுக்கணும்னு நான்தான் சொல்லல."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் முட்டி போட்டார். கோழி கொத்தித் தின்றுவிடாமல் அவர் சம்சாரம் கோழிகளைப் பிடித்து அடைத்தார். நானும் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து புழுதியை விரலால் கிளறினேன்.

அவர் திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். என் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்ட படித்தவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் கிடைத்த கல் பதினேழு.