கடைசி நாற்காலியின் நேரம்

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு மேலாளர் என் மகளின் பெயரை உரக்க வாசித்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூருக்கு வடக்கே ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. கணினி அறையில் ஆறு பெண்கள், ஒரே கணினியோடு இணைத்த ஆளுக்கொரு திரையின் முன், சரக்குக் கணக்கைப் பதிவு செய்வார்கள். கடைசி நாற்காலியில் என் மகள். அந்த மாதம் அவளை நிரந்தரமாக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால்வெட்டுதான்.

கணினி எங்கே தாமதிக்கிறது என்று கண்டுபிடிக்க, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த நான் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். விசையை அழுத்தியதிலிருந்து அடுத்த திரை வரும்வரை ஆகும் நேரத்தை, நாற்காலி எண்படி அது அச்சிட்டுத் தரும். மேலாளர் நாற்காலி எண்களைக் கோடுபோட்டு அடித்துவிட்டு, அங்கே பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டார். அதிக நேரம் என் மகளின் பெயருக்கு எதிரில் இருந்தது.

"கடைசி யாருலா? எந்திரி. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் எழுந்தாள்.

"சார், அது அவ நேரம் இல்லீங்க. மிஷின் எடுத்துக்கிற நேரம்," என்றேன்.

"மத்த அஞ்சு பேருக்கும் அதே மிஷின்தானே அண்ணே? ஒங்க மகளப் பாத்தா மட்டும் அதுக்குத் தூக்கம் வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு நாளைக்கு எடம் மாத்தி உக்கார வச்சுப் பாருங்க சார்."

மேலாளர் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன். தோட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிரை மரம் என்று கொடுத்தால் கொடுத்ததுதான். கிழட்டு மரங்கள் வாய்த்தவர் பால் குறைந்ததற்கு ஏச்சு வாங்குவார். மரத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

"மர நெரைய மாத்துறதா? எங்கப்பா காலத்துலயே அது கெடையாது. மகளுக்கு நல்ல மரமாப் பாத்துக் கேக்குறீங்களோ?"

அதன்பிறகு தினமும் காலையில் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரியே பெயர் வாசிப்பு. வாசித்து முடியும்வரை அவள் நிற்க வேண்டும். அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்கூட, "ஆமை அக்கா, வந்து சேந்துட்டியா?" என்றாள். திரை வராமல் மகள் கையை மடியில் வைத்துக் காத்திருந்தால், "மகாராணி ஓய்வெடுக்குது" என்பார் மேலாளர்.

திரைகளின் கம்பிகள் எல்லாம் சேரும் பெட்டிக்குக் கணினி விற்றவர்களின் பூட்டு; நாங்கள் திறக்க முடியாது. கோலாலம்பூரிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லி நான் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அப்பா, நீங்க பேசாதீங்க. நீங்க பேசுனா இன்னும் ரொம்ப நேரம் நிக்க வைக்கிறாரு."

மறுநாளிலிருந்து பெயர் வாசிக்கும்போது நான் அச்சுப்பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை, எல்லோர் முன்னாலும், "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்று மேலாளர் அவளிடம் சொன்னார். குளிரூட்டிக்காகப் போடும் ஸ்வெட்டரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அவள் வெளியேறினாள். இன்றும் யாராவது என் பிள்ளைகளின் பெயரை உரக்கக் கூப்பிட்டால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அடுத்த வாரம் கோலாலம்பூர் இன்ஜினியர் வந்து பெட்டியைத் திறந்தார். இளைஞர், தமிழர்.

"அண்ணே, கடைசி லைன மட்டும் மெதுவா ஓடுற மாதிரி வச்சிட்டுப் போயிருக்காங்க. மாட்டுனப்பவே நடந்த தப்பு."

ஒரு சிறு பொத்தானை நகர்த்தினார். திரை பளிச்சென்று வந்தது. மேலாளர் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

இன்ஜினியர் நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"இதுல யாரு வேல பாத்தா? ரொம்பப் பொறுமைலா. நானா இருந்தா என்னைக்கோ ஓடிப்போயிருப்பேன்."