என் காலடியில் ஒரு பிரேக்

கார் ஓட்டத் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு உயிரைப் பணயம் வைப்பதற்குப் பெயர்தான் டிரைவிங் டீச்சர் வேலை. பெண்டாட்டிக்குக் கார் பழக்கியவர்களே, தம்பிக்கு மோட்டார் சைக்கிள் பழக்கி முட்டி தேய்ந்தவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் காதர் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முன்னால் அவருடைய ரொட்டி சானாய்க் கடை, பின்னால் அவருடைய டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் கூரையில் ஒரு போர்டு, அதற்குள் நான். மற்ற கார்களில் இல்லாத ஒன்று அதில் உண்டு. இடது பக்கம் டீச்சர் உட்காரும் இடத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பேன்.

வேற ஆளு இல்லியா?

புந்தோங்கிலிருந்து ஒரு மீசைக்காரர் வந்தார். கல்யாணம் நிச்சயமாகி, மாமனார் கார் கொடுப்பதாகப் பேச்சாம். கார்க் கதவைத் திறந்தவர் உள்ளே என்னைப் பார்த்ததும் படாரென்று மூடிவிட்டார். நேராகக் கடைக்குள் போய், "பாய், வேற ஆளு இல்லியா? பொம்பளகிட்ட கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா மச்சானுங்க சிரிப்பானுங்க லா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. லாரி டிரைவர் மகள் நான். லைசன் எடுக்கிற வயசு ஆன அன்றைக்கே அதற்குப் போய் நின்றவள். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று இறங்கி வந்தேன். அதற்குள் ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்த காதர் பாய், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "இருக்கு தம்பி. கடைக்குப் பின்னால ஒரு சைக்கிள் நிக்குது. அதக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டாங்க, எடுத்துக்கிட்டுப் போ."

நாலு டயர், அஞ்சு பழம்

அதே மீசை மறுநாள் வந்து நின்றது. மாமனார் வீட்டுக் கார் சும்மாவா? ஆனால் என்னை நம்பி வரவில்லை, எலுமிச்சம்பழத்தை நம்பி வந்தார். புது வண்டி எடுத்தால் டயருக்குக் கீழே பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம்தான். இவரோ ஒவ்வொரு பாடத்துக்கும் நாலு டயருக்கும் நாலு பழம் வைத்தார், கண்ணாடிக்கு முன்னால் கூடுதலாக ஒன்று. காருக்குள் ஊறுகாய் ஜாடி வாசனை.

ஒரு நாள் ஜெலாப்பாங் ரோட்டில் போகிறோம். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதிக்கிறார், மிதிக்கிறார், அது இறங்கவே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த அஞ்சாவது பழம் உருண்டு போய் பிரேக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தது! ஐயோ சாமி என்று நான் என் பிரேக்கை ஏறி மிதித்தேன். லாரியின் பின்பலகை எங்கள் மூக்குக்கு நேரே நின்றது. மீசை குனிந்து அந்தப் பழத்தை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்தீங்களா டீச்சர், சாமிதான் காப்பாத்துச்சு" என்றார். பிரேக்கை மிதித்தது நான். லாரியில் மோதிக் கார் நசுங்கியிருந்தால் என் கால் அல்லவா முதலில் நசுங்கியிருக்கும்?

கடைக்குத் திரும்பியதும் பாயிடம் கொட்டித் தீர்த்தேன். ஐந்து வேளை தொழுகிற மனுசர் அவர். மீசையைக் கூப்பிட்டு, கையிலிருந்த பழத்தை வாங்கி, தேத்தண்ணியில் பிழிந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மேல இருக்கறவன் காப்பாத்துவான், நானும் ஒத்துக்கறேன். அதுக்காகப் பிரேக்குக்குக் கீழ பழத்தப் போட்டு அவனச் சோதிக்காத."

கோயில் வந்தால் கை

அஞ்சலையக்கா வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம், அதுதான் ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுக்கிறவர். நாற்பது வயது இருக்கும். பெண் டீச்சர் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

ஆரம்பத்திலேயே கியரும் கிளச்சும் அவருக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டன. பரவாயில்லையே என்று புந்தோங் பக்கம் ஓட்டச் சொன்னேன். அங்கேதான் வினை. புந்தோங்கில் தடுக்கி விழுந்தால் ஒரு கோயில். முதல் கோயில் வந்தது. அக்கா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் கூப்பினார். கண்ணையும் மூடினார்! நான் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, காலால் பிரேக்கை மிதித்து, வாயால் கத்தினேன். "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா" என்றார். அடுத்த கோயிலிலும் அதே கதை. முனியாண்டி, காளியம்மா, பிள்ளையார் என்று யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. நானும் கத்துவதை விடவில்லை.

"எதுக்குக்கா உங்களுக்கு இந்த லைசன்?" என்று கடைசியில் கேட்டே விட்டேன். அக்கா சொன்னார். தோட்டம் கைமாறி, பால் வெட்டு குறைந்து, பெண் பிள்ளைகள் ஜெலாப்பாங் பெக்டரிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவருடைய மகள் செல்வியும் போகிறாள். பெக்டரி பஸ் தோட்டத்துக்குள் வராது. தோட்டப் பாதை பெரிய ரோட்டில் சேர்கிற சிம்பாங்கில் நிற்கும். அதுவரை விடியாத இருட்டில் பால்மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். போன மாதம் ஒரு பிள்ளையின் சங்கிலியை எவனோ அறுத்து, அவளைக் கால்வாயில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். பல் உடைந்துவிட்டது. இனி யாரையும் அனுப்புவதில்லை என்று தாய்மார்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டத்துக் கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. ஓட்ட ஆள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாராம். லைசன் வைத்திருக்கிற ஆண்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்துக்கு அவர்கள் எல்லாருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது.

"அப்படின்னா கைய எடுக்காதீங்க. கைய எடுத்தா அந்தப் புள்ளைங்க எல்லாம் கால்வாய்லதான்" என்று கடுமையாகச் சொன்னேன். அக்கா என்னைக் கேட்டார்: "சாமியப் பாத்தும் கையெடுக்காமப் போனா, இவளுக்கு என்ன திமிருன்னு அது நெனைக்காதா டீச்சரம்மா?"

தலைவருக்கு வந்த கவலை

செம்மண் பாதையில் பழகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைத் தோட்டத்துக்கே கொண்டுபோனேன். லயத்து வரிசை வீடுகளின் ஜனம் மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. செல்வியும் மற்றப் பிள்ளைகளும் காருக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். கோயிலடியில் தோட்டத்துக் கோயில் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவரும் லைசன் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களில் ஒருவர்தான்.

"ஏம்மா டீச்சர், நல்லா இருந்த பொம்பளயக் கெடுக்க வந்தியா?" என்று என்னிடம் ஆரம்பித்தார். "பொம்பள ஓட்டுற வேனுக்கு நம்ம கோயில்ல பூச போட மாட்டோம். பூச போடாத வண்டியில ஏறுன புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" பிள்ளைகளின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பயம் காட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அஞ்சலையக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு கைப்பிரேக்கை இழுத்து, கியரை விடுவித்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்து முடித்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்: "பொறுப்பு நாந்தாண்ணே. நாளைக்கு இருட்டுல சிம்பாங் வரைக்கும் புள்ளைங்களுக்குத் தொணையா நீங்க நடந்து வாரீங்களா? வாரேன்னு இந்த சாமி முன்னால சொல்லுங்க, நான் இப்பவே கீழ எறங்கிர்றேன்."

தலைவர் கோயில் கோபுரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வழியை விட்டார்.

அப்பெக் விழுந்த இடம்

டெஸ்ட் நாள். அக்கா நெற்றி நிறைய திருநீறு. அதிகாரி ஒரு மலாய்க்காரர், சிரிக்காத முகம். டெஸ்டுக்குப் போகிற வழியில் ஒரு முனியாண்டி கோயில் உண்டு. கார் கண்ணுக்கு மறைந்த பிறகும் என் கால் வெறும் மண்ணைப் போட்டு மிதிமிதியென்று மிதித்துக்கொண்டிருந்தது.

நேரமாகித்தான் திரும்பி வந்தார்கள். அதிகாரி விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஃபெயில். "கைய எடுத்துட்டீங்களாக்கா?" என்றேன் அழாத குறையாக. இல்லையாம். ஒரு முனையில், காய்கறிக் கூடையோடு சைக்கிளில் போன சீனக் கிழவர், நாங்கள் அப்பெக் என்போமே, வழுக்கி விழுந்திருக்கிறார். அதிகாரி நேராகப் போகச் சொல்லியிருக்கிறார். அக்கா அங்கேயே காரை நிறுத்தி, இறங்கி, அப்பெக்கைத் தூக்கி உட்கார வைத்து, கங்கோங் கீரையைக் கூடச் சேர்த்துப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் ஃபெயில்தான். சட்டம் அப்படி.

"அடுத்த டெஸ்டுக்கு எத்தன நாள் காத்துக் கெடக்கணும், அதுக்குள்ள புள்ளைங்கள நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க? அவருதான் போகச் சொன்னாரே, பேசாமப் போயிருக்கலாம் லா!" என்று கத்தினேன். "சரி, முனியாண்டி கோயிலயாவது கும்பிடாமப் போனீங்களா?" என்றேன். "கோயில் வந்துச்சா? ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேனா, நான் கவனிக்கவே இல்ல" என்றார். அப்புறம், என்னைப் பார்த்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்: "ஆளு விழுந்து கெடக்குறாரு, பாத்துக்கிட்டே போகச் சொல்றீங்களா? அப்படிப் போற ஆளுங்க எங்க தோட்டத்துலயே நெறயப் பேரு இருக்காங்க, அதுக்கு நான் எதுக்கு டீச்சரம்மா கார் ஓட்டக் கத்துக்கணும்?"

அதே அதிகாரி

மறுபடியும் டெஸ்ட், மறுபடியும் அதே அதிகாரி. போச்சுடா என்று நினைத்தேன். இந்த நாட்களில் செல்வியும் மற்றப் பிள்ளைகளும் கைகோத்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு சிம்பாங்குக்கு நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரைத் தாய்மார்கள் வீட்டில் நிறுத்தியும் விட்டார்கள். இந்த முறையும் ஃபெயில் என்றால் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள்.

கார் திரும்பி வந்தது. அக்கா பாஸ். அதிகாரி என்னைத் தாண்டிப் போகும்போது, முகத்தில் சிரிப்பைக் காட்டாமலே மலாயில் சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கு ரோட்டுல யாரும் விழல, உங்க அக்காவுக்கு அதிர்ஷ்டம்."

வேனில் அந்தப் பிரேக் இல்லை

ஆள் ஏற்றுகிற லைசனையும் வாங்கிக்கொண்டு, அக்கா வேனை எடுத்த முதல் காலையில் துணைக்கு நானும் போயிருந்தேன். கோயிலில் பூசை இல்லை. தவுக்கே ஒரு ஊதுவத்தி கொளுத்தினார், காதர் பாய் ஒரு பொட்டலம் ரொட்டி கொடுத்தனுப்பியிருந்தார், அக்கா நாலு டயருக்கும் நாலே நாலு பழம் வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் வைக்க எடுத்த அஞ்சாவது பழத்தை நானே பிடுங்கி வெளியே எறிந்தேன். நிறுத்தி வைத்திருந்த பிள்ளைகளும் வந்து ஏறினார்கள். பல் உடைந்த பிள்ளை முதல் ஆளாக ஏறி, ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டாள்.

பால்மரங்களுக்கு நடுவே மேடு பள்ளத்தில் வேன் குலுங்கிக்கொண்டு போனது. என் கால் பழக்க தோஷத்தில் பிரேக்கைத் தேடியது. இல்லை. வெறும் தகரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை உயிருக்கும் இருப்பது அவருடைய ஒரு பிரேக்தான். சரியாக அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கோயில் வந்தது.

அக்காவின் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. கண் ரோட்டை விடவில்லை. குரல் மட்டும் பின்னால் போனது: "அடியே புள்ளைங்களா, கோயில் வருது. எனக்கும் சேத்து நீங்க கும்பிடுங்க, உங்களுக்கும் சேத்து நான் ஓட்டுறேன்."

இன்றைக்கும் யார் வண்டியில் ஏறினாலும் என் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டேதான் வருகிறது. வரட்டுமே, அடுத்தவர் உயிருக்காகக் கொஞ்சம்கூடப் பதறாத கால் இருந்தென்ன, இல்லாமல் போனால்தான் என்ன!