மூன்று வரி காலியிடம்

இந்த ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் ஆழம் கேட்பதில்லை. நெதர்லாந்தின் இந்தச் சிறு பல்கலைக்கழக நகரத்துக்கு நான் வந்த முதல் வாரம், வீட்டுக்காரப் பெண்மணி என் ஊரில் மக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார். பூமியைத் துளைப்பார்கள் என்றேன். எண்ணெய்க்கா என்றார். தண்ணீருக்கு என்றதும் ஜன்னலுக்கு வெளியே நிறைந்து கிடந்த கால்வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். கடலை விடத் தாழ்ந்த நிலம் இது. இங்கே தண்ணீரை வெளியேற்றுவதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. எங்கள் திருச்செங்கோட்டில் யார் வீட்டில் தண்ணீர் குடித்தாலும் அடுத்த பேச்சு எத்தனை அடி என்பதுதான்.

திருச்செங்கோட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்தியாளனாக இருந்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில், நாடுகளுக்கு இடையிலான உறவையும் மோதலையும் பற்றிய பன்னாட்டு ஆய்வியல் படிக்க இங்கே வந்தேன். இந்தப் படிப்பு எதற்கு என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொல்லித் தப்பித்திருக்கிறேன். பழனிச்சாமி மாமாவிடம் தப்பிக்க முடியவில்லை. அவர் என் அம்மாவின் தம்பி. ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறவர். அவர் மகள் நிவேதாவுக்கு இதே படிப்பில் டில்லியில் இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் சேர்வதாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் இன்ஜினியரிங் கல்லூரியிலும் இடம் தயாராக இருந்தது.

“அதைப் படிச்சா என்ன ஆவா மாப்ளே? தூதர் ஆவாளா, இல்ல உன்னாட்டம் ஊரு ஊராச் சுத்துவாளா?” என்று போனில் கேட்டார். “நீ சொல்றதுதான். நீ வேண்டாம்னா இங்கயே சேத்தி உட்டர்றேன்.”

இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். அது திங்கட்கிழமை.

புதன்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு மோதலை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் சிரமப்படவில்லை. பத்தாண்டுக்கு முன் எழுதிய என் செய்தியையே ஆங்கிலத்தில் பெயர்த்தேன். தான்சானியாவில் ஒரு கிராமத்துக்குப் போர்வெல் போடப் போன திருச்செங்கோட்டு ரிக் வண்டியை ஊர்க்காரர்கள் மறித்துச் சாவியைப் பறித்து, தொழிலாளர்களைப் பதினொரு நாள் நிறுத்திவைத்த செய்தி. அந்த வண்டியில் அப்போது துளை போடும் டிரில்லராக இருந்தவர் மாமா. எங்கள் பக்கத்தில் போர்வெல் போடும் முன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நிலத்தில் நடப்பார்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நிற்கும் என்பது நம்பிக்கை. அங்கேயும் மாமா அப்படித்தான் நடந்தார். ஒரு மரத்தடியில், கற்கள் குவிந்திருந்த இடத்தருகே தேங்காய் நின்றது. கிராமத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதித் தாளும் கையில் இருந்தது. மாமா, வண்டி உரிமையாளர், ஓர் அதிகாரி என்று மூவரிடம் பேசி நான் எழுதினேன். முதல் பக்கத்தில் என் பெயரோடு வந்தது.

வகுப்பில் என்னருகே உட்காரும் நீமா தான்சானியாக்காரி. பக்கத்தைப் படித்து முடித்து ஒரே கேள்வி கேட்டாள்: “அந்தக் கற்களின் கீழே யார் இருந்தார்?”

எனக்குத் தெரியாது. கற்கள் என்றால் கற்கள் என்றே எழுதியிருந்தேன். சில ஊர்களில் சமாதி மேல் அப்படித்தான் கல் குவிப்பார்கள் என்று அவள்தான் சொன்னாள். அன்று மாலை மாமாவைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க மாமா, ஆப்பிரிக்காவுல தேங்கா நின்ன எடத்துல கல்லு கெடந்துச்சே, அதை என்ன பண்ணுனீங்க?”

“ஓரமா உருட்டி உட்டோம். வண்டி நிக்க எடம் வேணுமல்ல?”

“அது சமாதின்னு தெரியாதுங்களா?”

“தெரிஞ்சா நிறுத்துவமா? பேருமில்ல, மாலையுமில்ல. தலைவரு கையெழுத்தே போட்டுட்டாரு, அப்பறம் யாரப் போய்க் கேக்கறது?” பிறகு அவரே தொடர்ந்தார். “ஒரு அம்மா பதினொரு நாளும் வண்டி முன்னால வந்து உக்காந்திருந்துச்சு சாமி. எங்களுக்குக் களி கிண்டிக் கொண்டாந்ததும் அதுதான். நம்மூருக் களியாட்டமே, வெள்ளையா இருக்கும். குடுத்துட்டு என்னமோ சொல்லும். வையுதுன்னு நெனச்சுத் தலையக் குனிஞ்சு தின்னுட்டிருந்தோம்.”

“இதை அப்பவே ஏனுங்க என்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கலியே.”

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். வழிமறித்தவர்கள் தரப்பில் ஒருவரையாவது தேடிப் பேச வேண்டும் என்று அன்று எனக்கோ என் ஆசிரியருக்கோ தோன்றவில்லை. வண்டி நம்முடையது, ஆட்கள் நம்மவர்கள்; செய்தி முழுமையாக இருப்பதாகவே பட்டது.

“மாமா, நிவேதாவ டில்லிக்கே அனுப்புங்க,” என்றேன். “அந்த அம்மா என்ன சொல்லுச்சுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்குத்தானுங்க இந்தப் படிப்பு.”

“அதுக்கு இத்தன வருசமா?”

“ஆமாங்க.”

“அதுக்கு எவனாச்சும் வேல குடுப்பானா?”

தெரியவில்லை என்றேன். படிப்பைப் பற்றி அவரிடம் நான் சொன்ன முதல் நேர்மையான பதில் அதுதான்.

சனிக்கிழமை குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. “டில்லிக்கே சொல்லியாச்சு மாப்ளே. அவங்காத்தா ரெண்டு நாளாப் பேசறதில்ல. அந்தத் தான்சானியாப் புள்ளகிட்டக் கேளு, அந்தக் கல்ல யாராச்சும் திரும்ப எடுத்து வெச்சாங்களான்னு.”

நீமாவுக்கு அந்தக் கிராமம் தெரியாது. தெரிந்த யாரையாவது தேடுகிறாள். மாமா வீட்டுக் கூடத்தில் என் செய்தி கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அத்தை அதைக் காட்டுவார். இங்கே என் மேசையில் அதே செய்தியைத் திருத்தி எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா பேசியது வரவேண்டிய இடத்தில் மூன்று வரி காலியாக இருக்கிறது. இரண்டு தாளிலும் மேலே இருப்பது என் பெயர்.