அத்தை கன்னத்து மஞ்சள்

என் அத்தையின் இடது கன்னத்தில் ஒரு காயம். கரும்பு வெட்டும்போது கத்தி நழுவிப் பட்டது. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே பட்ட அந்தக் காயம், நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் எங்கள் வீட்டில் ஆறிக்கொண்டே இருந்தது.

பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், காலையிலேயே அம்மா மஞ்சளைக் குழைத்து அந்த இடத்தில் பற்றுப் போட்டுவிடுவாள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் வலது கன்னம் மட்டும்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். தழும்பு என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. கெட்ட வார்த்தைக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

அந்த வாரம் பார்த்துத்தான் தமிழ் டீச்சர் அந்தச் சொல்லை விளக்கினார். வலிக்கிற வரைக்கும் அது புண். ஆறி, வலி போய், அடையாளம் மட்டும் நின்றுவிட்டால் தழும்பு. செய்யுளில் வந்தால் வடு. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. அத்தை கன்னத்தில் இருப்பது எது?

ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அத்தைக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. தலையைக் குனிந்தபடியே இரண்டு தடவை பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார்.

"கன்னத்துல இன்னாம்மா மஞ்சளு?"

"கரும்பு வெட்டசொல்ல பட்டுடுச்சுங்க. ஆறிக்கினு இருக்குது" என்றார் அப்பா.

நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தையை ஒட்டி உட்கார்ந்து, மஞ்சளின் மேலேயே விரலை வைத்து நன்றாக அழுத்தினேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை.

"வலிக்கலப்பா! அப்போ இது தழும்புதான்."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. அம்மா என்னை முறைத்துக்கொண்டே பஜ்ஜித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். அத்தை மட்டும் முந்தானையால் மஞ்சளைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமாங்க, தழும்புதான். ஆறி ரொம்ப வருசம் ஆச்சு."

"பேசிட்டு போன் பண்றோங்க" என்று அவர்கள் எழுந்துகொண்டார்கள். பஜ்ஜி தட்டில் அப்படியே இருந்தது.

போன் வரவில்லை. சாயந்தரம் அத்தை குழாயடியில் முகம் கழுவினாள். மஞ்சள் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"வலிக்குதா அத்த?"

"இல்லடி."

டீச்சர் சொன்னது சரியாகவே இருந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மஞ்சள்தான் கண்ணுக்குள் போய்விட்டது என்று நினைத்து, இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.